சாவி இல்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார்: புதுச்சேரியில் எங்கிருந்து தொடங்குவது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையில் நின்றிருந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் காரை லாரியில் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தேன். ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தது. கழற்றிய கார்புரேட்டர்கள் ஒரு சாக்கில் இருந்தன. சாவி மட்டும் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது கொட்டகையின் கூரை பறந்துவிட்டது, ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தும் அன்றைக்கே போய்விட்டது என்று விற்றவர் சொன்னார். சாவிதானே, ரெண்டு நாள் வேலை என்று நினைத்து அதைக் கடைசிக்குத் தள்ளினேன்.

அதனால் வந்த வினை: பெயின்ட் அடித்து, கதவின் உள்பக்க அட்டையெல்லாம் மாட்டி முடித்த பிறகு, பூட்டுக்காக மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதாயிற்று. புது பெயின்ட்டில் இரண்டு கீறல் விழுந்தது. ஆகவே பழைய காரை முதல்முறையாக எடுத்துச் செய்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். சாவி வேலையை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். தகர வேலைக்கு முன்னால், பெயின்ட்டுக்கு முன்னால், வண்டி இன்னும் அழுக்காக இருக்கும்போதே.

கீழே சொல்வதெல்லாம் இருவர் மட்டும் உட்காரும் ஒரு பழைய பிரிட்டிஷ் காரை மனதில் வைத்து எழுதியது. ஹெரால்டு, ஃபியட், அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். இந்தக் காலத்து வண்டிகளில் கதவும் டிக்கியும் கீலெஸ், சாவிக்குள் சிப் என்றிருக்கிறது. பழைய வண்டியில் அந்தத் தொல்லை கிடையாது. பித்தளைத் தகடு, ஸ்பிரிங், அதற்கேற்ப வெட்டிய ஒரு உலோகத் துண்டு, அவ்வளவுதான். பொறுமை உள்ள எவரும் புரிந்துகொள்ளலாம்.

முதலில் காகிதம், அப்புறம் பேட்டரி

சாவிக்கடைக்குப் போகும்போது ஆர்.சி. நகலும் உங்கள் அடையாள அட்டையும் பையில் இருக்கட்டும். வண்டி இன்னும் உங்கள் பெயருக்கு மாறவில்லை என்றால், விற்றவரிடம் கையெழுத்து வாங்கிய விற்பனைக் கடிதமாவது வேண்டும். நல்ல சாவிக்காரர் இதைக் கேட்பார். கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். ஒன்றுமே கேட்காமல் கார் சாவி வெட்டித் தருகிறவர் நாளைக்கு உங்கள் வண்டிக்கும் வேறு யாருக்கோ வெட்டித் தருவார்.

காகிதம் பற்றி இன்னொன்று. பதிவாகி 50 ஆண்டு முடிந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். அந்த விதி கவலைப்படுவது சேசிஸ், பாடி, என்ஜின் பற்றித்தான். இருந்தாலும் அந்தப் பதிவை நினைத்து வண்டி கட்டுகிறவர் டேஷ்போர்டில் புதுத் துளை போட்டு டிராக்டர் சுவிட்சை மாட்டுவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. பழைய பூட்டு அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

அடுத்தது பேட்டரி. இக்னீஷன் பூட்டில் கை வைக்கும் முன் பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் வயரைக் கழற்றுங்கள். எப்போதும் நெகட்டிவ்தான் பாடிக்குப் போகும் என்று நம்பிக் கழற்றாதீர்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். ஸ்பிட்ஃபயரில் 1967இல் வந்த மார்க் 3 மாடலில்தான் அது நெகட்டிவுக்கு மாறியது. வயர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துக் கழற்றுங்கள். பேட்டரியை எட்ட ஸ்பிட்ஃபயரில் சாவி தேவையில்லை என்பது ஒரு நிம்மதி. முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னால் சாயும், பக்கத்துக்கு ஒரு கொக்கியை விடுவித்தால் போதும்.

எத்தனை பூட்டு?

ஒரு நோட்டை எடுத்து எழுதுங்கள். இக்னீஷன், வலது கதவு, இடது கதவு, டிக்கி. இருந்தால் கையுறைப்பெட்டி, பெட்ரோல் மூடி, ஸ்டியரிங் பூட்டு. ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று குறிப்பு: பூட்டில் குத்திய சாவி எண் தெரிகிறதா, சாவித் துளை சுத்தமாக இருக்கிறதா, தொட்டால் ஆடுகிறதா.

எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது ஒன்றாக இருந்திருக்கலாம். ஐம்பது வருடத்தில் யாராவது ஒரு கதவை மாற்றியிருப்பார்கள், யாராவது இக்னீஷனை மாற்றியிருப்பார்கள். என் வண்டியில் நான்கு பூட்டு, மூன்று வேறு வேறு சாவி.

கழற்றத் தொடங்கும் முன் ஒரு நாள் முழுக்கத் தேடுங்கள். சீட்டுக்கு அடியில், தரைக் கம்பளத்துக்குக் கீழே, சாம்பல் கிண்ணத்தில், கருவிப் பையில், ஸ்பேர் டயர் குழியில். அப்புறம் விற்றவருக்கு மறுபடி போன் செய்யுங்கள். "சாவி இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "வீட்டில் எதுக்கென்று தெரியாத பழைய சாவி ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். எல்லா வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். எனக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வில்லியனூரில் ஃபியட் 1100 வைத்திருக்கும் நண்பருக்கு, விற்றவரின் அம்மாவுடைய தையல் மெஷின் டிராயரிலிருந்து அசல் சாவியே கிடைத்தது.

எண்ணைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது

புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாமல் போவது இந்த இடம்தான். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார் சாவிகள் காருக்கு ஒன்று என்று செய்யப்படவில்லை. பர்மிங்காமைச் சேர்ந்த வில்மாட் பிரீடன் கம்பெனி வரிசை வரிசையாகச் சாவி செய்து பல கார் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. டிரையம்ஃப், எம்.ஜி., மோரிஸ், ஜாகுவார் எல்லாவற்றிலும் நீங்கள் அடிக்கடி பார்க்கப்போவது எஃப்.எஸ். வரிசை. எண்கள் 876 முதல் 955 வரை. மொத்தம் 80 சாவிதான். இந்த 80இல் உங்களுடையது எது என்று தெரிந்துவிட்டால், பூட்டைக் கழற்றாமலே, சாவிக்காரர் வண்டியைப் பார்க்காமலே, இங்கிலாந்திலிருந்து எண்ணைச் சொல்லி வெட்டிய சாவியை வாங்கிவிடலாம். பழைய பிரிட்டிஷ் கார் உதிரிபாகம் விற்பவர்கள் பலர் இன்றும் எண் வாரியாக விற்கிறார்கள்.

எண் எங்கே இருக்கும்? பெரும்பாலும் இக்னீஷன் பூட்டின் முகத்திலேயே, சாவித் துளைக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் குத்தியிருப்பார்கள். ஐம்பது வருட அழுக்கும் கைப்பிசுக்கும் அதை மூடியிருக்கும். உப்புத்தாளைத் தொடாதீர்கள், எழுத்தே போய்விடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். துடைத்துவிட்டு மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் நிழல் விழும். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. அப்படியும் தெரியவில்லை என்றால் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள், சின்ன வயதில் நாணயத்துக்குச் செய்தது போல. எனக்கு எஃப், எஸ், முதல் இலக்கம் 9 ஆகியவை டார்ச்சில் தெரிந்தன, மீதி இரண்டும் காகிதத்தில்தான் வந்தன.

கதவுப் பூட்டிலும் டிக்கிப் பூட்டிலும் எண் வெளியே தெரியாமல், சாவி நுழைந்து திரும்பும் உருளையின் பக்கவாட்டில் இருக்கலாம். அதைப் பார்க்கக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

இங்கே கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. எண் கிடைத்த சந்தோஷத்தில் அதைப் படம் எடுத்து எல்லா குழுவிலும் போடாதீர்கள். எண் தெரிந்த எவரும் உங்கள் சாவியைத் தபாலில் வாங்கலாம். உதவி கேட்டுப் படம் போடுவதானால் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்துவிடுங்கள். வண்டியை விற்கும்போது எடுக்கும் டேஷ்போர்டு படத்துக்கும் இதே எச்சரிக்கை.

தபாலில் வரும் சாவிக்குச் சுங்க வரி கேட்கலாம், சில வாரம் ஆகலாம். இதற்காகவும்தான் முதல் வாரத்திலேயே தொடங்கச் சொன்னேன். எண் சரியாக இருந்தால் அந்தச் சாவி அரத்தால் ராவிய எதையும்விட நன்றாக வேலை செய்யும். என் இக்னீஷனுக்கு வந்த சாவி, பூட்டைச் சுத்தம் செய்த பிறகு, முதல் முயற்சியிலேயே திரும்பியது. அன்று ராத்திரி தூங்கப் போகும் முன் எத்தனை தடவை போய்த் திருப்பிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

பிரெஞ்சு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த எஃப்.எஸ். எண் உதவாது. பெழோ, ரெனோ, சிட்ரோயன் வண்டிகளில் நேமன் கம்பெனி ஸ்டியரிங் பூட்டு இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு வேறு எண் முறை. ஆனால் எண்ணைத் தேடு, அப்புறம் சாவியை வாங்கு என்ற வழி அதேதான். பிரான்சில் சொந்தக்காரர் இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு, அவர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லலாம்.

பூட்டைக் கழற்றும்போது

கடல் காற்றில் நின்ற வண்டியின் பூட்டு தனி ரகம். பல பூட்டுகளின் உருளையும் வெளிக்கூடும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. உப்பு ஈரம் பட்டால் வெள்ளையாகப் பூத்து, உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திரும்பவில்லையே என்று பலம் கொடுத்தால் உடையும். கேஸ் டார்ச் காட்டினால் இன்னும் மோசம். பித்தளை உருக 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், இந்தத் துத்தநாகக் கலவை சுமார் 385 டிகிரியிலேயே உருகிவிடும். வெல்டிங் பட்டறைக்காரர் நல்லெண்ணத்தோடு "கொஞ்சம் சூடு காட்டினா வந்துடும் சார்" என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

துரு இளக்கும் எண்ணெய் விட்டு விட்டு ஒரு வாரம் காத்திருங்கள். தினம் காலை இரண்டு சொட்டு, மரச் சுத்தியலின் பிடியால் மெதுவாக நாலு தட்டு. அதற்கு மேல் அன்றைக்குத் தொடாதீர்கள்.

கதவு என்றால் முதலில் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிக்கொள்ளுங்கள், கை உள்ளே போக இடம் கிடைக்கும். கண்ணாடிச் சுற்றுப்பிடி, கைப்பிடி, அட்டை என்ற வரிசையில் கழற்றுங்கள். அட்டையைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் காய்ந்து போயிருக்கும். அகலமான, மழுங்கிய எதையாவது கிளிப்புக்குப் பக்கத்தில் நுழைத்து நெம்புங்கள். நடுவில் பிடித்து இழுத்தால் அட்டை கிழியும். பூட்டு உருளையைப் பிடித்திருப்பது ஒரு சின்ன வளையக் கிளிப்போ ஊசியோதான். அது தெறித்தால் கதவுக்கு அடியில் போய் விழும். கீழே ஒரு பழைய துண்டை விரித்துவிட்டு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மொபைலில் படம் எடுங்கள்.

இக்னீஷன் சுவிட்சை டேஷ்போர்டோடு பிடித்திருப்பது முன்பக்க வளையம். அதைக் கொறடால் திருகினால் பற்களின் தழும்பு நிரந்தரமாக நிற்கும். துணி சுற்றிக் கையால் முயலுங்கள். அந்தக் காலத்து லூகாஸ் சுவிட்சில் பக்கத்தில் ஒரு சின்ன துளை இருக்கும். சாவியைப் போட்டுத் திருப்பி வைத்துக்கொண்டு அந்தத் துளையில் மெல்லிய கம்பியை அழுத்தினால் பூட்டு உருளை மட்டும் தனியாக வெளியே வரும். சாவியே இல்லாதபோது இது நடக்காது, சுவிட்சை முழுசாகக் கழற்றிச் சாவிக்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான். கழற்றும் முன் எந்த நிற வயர் எந்த முனையில் இருந்தது என்று எழுதி வையுங்கள். பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேராக வருவது, எப்போதும் உயிரோடு இருக்கும். வெள்ளை இக்னீஷனுக்கு. சிவப்புக் கோடு போட்ட வெள்ளை ஸ்டார்ட்டருக்கு. யாராவது நடுவில் எல்லாவற்றையும் ஒரே சிவப்பு வயரில் இழுத்திருந்தால் நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

டிக்கி பற்றி ஒரு வருத்தமான விஷயம். என் வண்டியின் டிக்கிப் பூட்டை, எனக்கு முன்னால் அதை வைத்திருந்த யாரோ டிரில் போட்டுத் திறந்திருந்தார்கள். பூட்டு மட்டுமில்லை, அதைச் சுற்றிய தகரமும் கிழிந்து கிடந்தது. ஸ்பிட்ஃபயரில் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? சீட்டுக்குப் பின்னால், டிக்கிக்கு முன்னால், நின்ற வாக்கில். டிரில்லின் பொறி பறக்கும் இடத்திலிருந்து அதிக தூரமில்லை. காலி டேங்க் என்றால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் ஆவி நிறைந்த காலி டேங்க்தான் அதிக ஆபத்து. டிரில் போடாதீர்கள். எத்தனை நாள் ஆனாலும் சாவியாலோ, சாவிக்காரர் கையாலோ திறங்கள்.

சாவிக்காரரைத் தேடுதல்

நேரு வீதியிலும் அண்ணா சாலைப் பக்கமும் மெஷின் வைத்து நிமிஷத்தில் டூப்ளிகேட் போடும் கடைகள் இருக்கின்றன. வீட்டுச் சாவிக்கும் பைக் சாவிக்கும் அவை போதும். உங்களுக்கு வேண்டியது அரம் பிடித்து வேலை செய்யும் ஆள். நடைபாதையில் ஒரு மரப்பெட்டி, பெரிய சாவி படம் வரைந்த போர்டு, ஒரு சின்ன வைஸ். இப்படி ஒருவரை நான் கண்டுபிடித்தது பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில். கடலூர் ஆட்கள் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தைச் சுற்றி விசாரித்துப் பார்க்கலாம்.

முதல் நாள் நான் வண்டியைப் பார்க்க வரும்படி கேட்டேன். அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"வண்டி எதுக்கு தம்பி? பூட்டை எடுத்துட்டு வாங்க. கையில இருந்தா உள்ள என்ன இருக்குன்னு பாத்துடலாம்."

"கதவைக் கழற்றணுமேண்ணா."

"கழட்டித்தான ஆகணும். இன்னைக்குக் கழட்டுங்க, அடுத்த வாரம் வாங்க. ஆர்.சி.யும் எடுத்துட்டு வாங்க."

அவர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உருளையை வெளியே எடுத்தால் அதில் வரிசையாக மெல்லிய பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங். வெட்டாத சாவியை உள்ளே விட்டால் தகடுகள் உருளையின் வட்டத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் உருளை கூட்டுக்குள் திரும்பாது. எந்தத் தகடு எவ்வளவு துருத்துகிறதோ, சாவியில் அதற்கு நேரான இடத்தை அவ்வளவு ராவ வேண்டும். ராவ ராவத் தகடு இறங்கும். உருளையோடு சமமாக வந்ததும் நிறுத்த வேண்டும். ஒரு இழுப்பு அதிகமானால் தகடு மறுபக்கம் துருத்தும், அந்தச் சாவி வீண். எல்லாத் தகடும் சமமாக நின்றதும் விரலால் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. கதவுப் பூட்டுக்குச் சாவி ரெடி. முக்கால் மணி நேரம்.

உருளையைக் கழற்ற முடியாத பூட்டுக்கு இன்னொரு முறை. வெட்டாத சாவியின் விளிம்பை நன்றாக மெருகேற்றி உள்ளே விட்டு, லேசாகத் திருப்பு விசை கொடுத்து ஆட்டினால், மாட்டிக்கொண்டிருக்கும் தகடு சாவியில் ஒரு சின்னத் தடம் பதிக்கும். தடம் விழுந்த இடத்தில் ஒரு இழுப்பு. மறுபடி மெருகு, மறுபடி உள்ளே. தடம் விழாத இடம் முடிந்த இடம். இதைச் செய்கிறவருக்குக் கூர்மையான கண்ணும் நிறையப் பொறுமையும் வேண்டும். பக்கத்தில் நின்று அவசரப்படுத்தாதீர்கள்.

வெட்டாத சாவி கிடைப்பதுதான் இதில் பெரிய பாடு. தண்டின் பள்ளங்கள் துளைக்குப் பொருந்த வேண்டும், இந்த ஊரில் பிரிட்டிஷ் கார் சாவிக்குச் சரியான பள்ளம் தேடினாலும் கிடைக்காது. மூன்று வழி உண்டு. எண் சாவி வாங்கும்போதே அதே ஆட்களிடம் வெட்டாதது நாலு சேர்த்து வாங்குவது முதல் வழி, சிறந்ததும் அதுவே. இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய சாமான் விரித்திருப்பவர்களிடம் பழைய சாவிகளைக் கிளறுவது. துளைக்குள் போகும் சாவி, அதன் வெட்டுகள் உங்களுக்கு வேண்டியதைவிட ஆழம் குறைவாக இருந்தால், அதையே ராவிப் பயன்படுத்தலாம். மூன்றாவது, சென்னை புதுப்பேட்டை. ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கிச் செய்த வண்டி. அந்த ஹெரால்டு 1961லிருந்து சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் உற்பத்தியானது. ஆகையால் புதுப்பேட்டையில் "ஸ்பிட்ஃபயர் சாவி" என்று கேட்டால் முழிப்பவர்கள்கூட "ஹெரால்டு சாவி" என்றால் டப்பாவைத் திறப்பார்கள். புதுச்சேரியிலிருந்து 150 கிலோமீட்டர்தான், பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

சாவியின் உலோகத்தையும் கவனியுங்கள். வெள்ளையாக இருக்கும் நிக்கல் சில்வர் உழைக்கும். பேரில்தான் வெள்ளி, உண்மையில் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. மென்மையான மலிவுப் பித்தளை சீக்கிரம் வளையும். இரும்புச் சாவி வேண்டவே வேண்டாம். அது உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகளைத் தேய்த்துவிடும், நம் காற்றில் துருவும் பிடிக்கும்.

உங்களிடம் ஒரு தேய்ந்த சாவி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே மெஷினில் நகலெடுத்தால் தேய்மானமும் நகலாகும். பழைய சாவியைக் கொஞ்சம் ஆட்டித் திருப்ப வேண்டியிருந்தால், நகலை இரண்டு மடங்கு ஆட்ட வேண்டியிருக்கும். தேய்ந்த சாவியில் எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் எண்ணுக்கு வாங்குங்கள். இல்லையென்றால் பூட்டைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

பூட்டே கெட்டிருந்தால்

தகடு தேய்ந்து, ஸ்பிரிங் துருத் தூளாகியிருந்தால் சாவி மட்டும் செய்து பயனில்லை. ஸ்பிரிங் சின்ன விஷயம், பழைய பூட்டு ஒன்றை உடைத்து எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சமயத்தில் எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி வருமாறு தகடுகளை இடம் மாற்றி அடுக்கவும் முடியும், அதே வகைப் பூட்டாக இருக்கும் வரை. தகடுகளை எடுக்கும்போது வரிசை கலையாமல் இருக்க முட்டை அட்டையில் ஒவ்வொன்றாக வையுங்கள். சாவி திரும்ப வேண்டும் என்பதற்காகத் தகடுகளையே ராவுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்ய விடாதீர்கள். அப்புறம் எந்தச் சாவிக்கும் அந்தப் பூட்டு திறக்கும்.

உருளையைச் சுற்றிய கூடு உடைந்திருந்தால் மேட்டுப்பாளையம் அல்லது தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் லேத் வேலை செய்பவரிடம் பித்தளையில் கடைந்து வாங்கலாம். உடைந்த துண்டுகளை எறியாமல் ஒட்டி அளவு கொடுங்கள். முற்றிலும் கைவிட்ட பூட்டு என்றால் திண்டுக்கல்லை நினைவில் வையுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு கையால் செய்வது, தகடும் லீவரும் விரலில் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். கார் பூட்டு அவர்கள் தொழில் இல்லைதான், ஆனால் உள்ளே இருக்கும் கணக்கு அவர்களுக்குப் புதிதல்ல.

அம்பாசடர், பத்மினிக்காரர்களுக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டாம். இக்னீஷன், கதவு, டிக்கி எல்லாம் ஒரே சாவியில் வரும் பூட்டு செட் பழைய ஸ்பேர் கடைகளில் கிடைப்பது உண்டு.

ஸ்டியரிங் பூட்டு உள்ள பிற்கால வண்டிகளில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை. பாதி வேலை செய்யும் ஸ்டியரிங் பூட்டோடு வண்டியை ஓட்டாதீர்கள், ஓடும்போது பூட்டிக்கொண்டால் உயிர் போகும். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலை, மாட்டும்போதே முறிந்து விழுமாறு செய்தவை. ஸ்பேனர் பிடிக்காது. சென்டர் பஞ்சை ஓரத்தில் வைத்து மெதுவாகத் தட்டித் திருப்பி எடுக்க வேண்டும். பழக்கமில்லை என்றால் இதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சாவி கைக்கு வந்த பிறகு

மாட்டுவதற்கு முன், பூட்டு கையில் இருக்கும்போதே ஐம்பது தடவை திருப்பிப் பாருங்கள். கதவுக்குள் போன பிறகு மாட்டிக்கொண்டால் மறுபடி அட்டையைக் கழற்ற வேண்டும்.

உருளைக்குள் தேங்காய் எண்ணெய், கிரீஸ், என்ஜின் ஆயில் எதையும் விடாதீர்கள். முதல் மாதம் வழுக்கிக்கொண்டு போகும், அப்புறம் தூசியும் மணலும் சேர்ந்து பசையாகிவிடும். இந்த ஊரில் கடற்கரை மணல் காற்றிலேயே இருக்கிறது. கிராபைட் பொடிதான் சரி. கிடைக்காவிட்டால் 6பி பென்சிலால் சாவியின் இரு பக்கமும் நன்றாகத் தேய்த்து, நாலைந்து தடவை போட்டு எடுங்கள். துரு இளக்க ஏற்கெனவே விட்ட எண்ணெயை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்த பிறகுதான் கிராபைட். கதவின் கொக்கிக்கு மட்டும் கிரீஸ் வைக்கலாம். ஐப்பசி மழை தொடங்கும் முன் வருடம் ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

இக்னீஷனை மாட்டிச் சோதிக்கும்போது என்ஜின் ஓடாமல் சாவியை நீண்ட நேரம் ஆன் நிலையில் விடாதீர்கள். பிளாட்டினம் பாயின்ட் (இக்னீஷன் மின்சாரத்தை விட்டு விட்டு இணைக்கும் முனை) மூடிய நிலையில் நின்றிருந்தால் இக்னீஷன் காயில் சூடாகிக் கெடும். திருப்பு, விளக்கு எரிகிறதா பார், அணை.

ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சாவி செய்யுங்கள். நன்றாகத் திறக்கும் சாவியைப் பயன்படுத்தாமல் வீட்டில் வையுங்கள், அது மூலம். அடுத்த நகல் எப்போதும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். தினம் புழங்குவது இரண்டாவது. எண்ணை நோட்டில் எழுதி ஆர்.சி.யோடு வையுங்கள், சாவிக்கொத்தின் வில்லையில் எழுதாதீர்கள்.

80 சாவியில் ஒன்று என்றால் அந்தப் பூட்டு திருடனுக்குப் பெரிய தடை இல்லை. ஆகவே பேட்டரி வயரில் ஒரு கட்-ஆஃப் சுவிட்சை மாட்டி, கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். பாடியில் துளை போடாமல் ஏற்கெனவே இருக்கும் போல்ட்டில் பொருத்தலாம். ரங்கப்பிள்ளை வீதியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போகும்போது நான் இரண்டையும் செய்கிறேன், கதவைப் பூட்டுகிறேன், சுவிட்சையும் அணைக்கிறேன்.

டிக்கி மட்டும் இன்னும் முடியவில்லை. கிழிந்த தகரத்தை ஒட்டி ராவியாகிவிட்டது, பூட்டு தபாலில் வந்துகொண்டிருக்கிறது. வந்ததும் அதை நேராக வண்டியில் மாட்டப்போவதில்லை. முதலில் மார்க்கெட் பக்கத்து அண்ணனிடம் கொண்டுபோய், கதவுச் சாவிக்கே திறக்கும்படி தகடுகளை மாற்றி அடுக்கித் தரச் சொல்லியிருக்கிறேன்.